சாபத்துக்கு ஒரு விலை: மந்திர ஆயுதங்களின் ஐம்பது ஆண்டுகள்

1974 ஜனவரியில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து ஒரு பெட்டி விற்பனைக்கு வந்தது. உள்ளே மூன்று சிறு புத்தகங்கள். விலை 10 டாலர். அச்சிட்டது 1,000 பிரதிகள். பெயர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. 2024-இல் பொன்விழா கண்ட அந்த விளையாட்டின் கதையைப் பலரும் பல கோணத்தில் எழுதிவிட்டார்கள். இந்தப் பக்கங்களை அதன் ஆயுதக் கிடங்குக்கு ஒதுக்குகிறோம். அதிலும், அங்கே தனியறையில் பூட்டி வைக்க வேண்டிய சபிக்கப்பட்ட பொருள்களுக்கு.

ஆடிப் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவார்கள். அவர்களில் ஒருவர் டன்ஜன் மாஸ்டர். நிலவறைகள், அரக்கர்கள், பொறிகள், புதையல் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள்: வீரன், மந்திரவாதி, பூசாரி, திருடன். என்ன செய்யப்போகிறோம் என்று வாயால் சொன்னால் அது பலித்ததா இல்லையா என்று பகடை சொல்லும். இந்த ஆட்டம் ஒரே நாளில் முடிவதில்லை. மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் நீளும். ஆகவே கைக்கு வந்த வாளோடு நெடுநாள் குடித்தனம் நடத்தியாக வேண்டும். அந்த வாளை எப்படி அமைப்பது என்ற கேள்விக்கு இவ்வளவு கனம் வந்தது அதனால்தான்.

சபிக்கப்பட்ட பொருளை எடைபோட ஒரே உரைகல் போதும். அது எத்தனை கெடுதல் செய்கிறது என்று பார்ப்பது இரண்டாம் பட்சம். கெடுதல் தெரிந்த பிறகும் அதைக் கீழே வைக்க மனம் வருகிறதா? வரவில்லை என்றால் அது நல்ல படைப்பு. இந்த எளிய உண்மை முதல் பெட்டியிலேயே இருந்தது. நடுவில் அது மறந்துபோய், சுற்றி வளைத்துத் திரும்பி வந்த கதைதான் இந்த ஐம்பது ஆண்டு.

தொடங்கியவர்கள்

கேரி கைகாக்ஸ் இன்சூரன்ஸ் துறையில் வேலை பார்த்தவர். 1970-இல் அந்த வேலை போனது. பிறகு வீட்டில் ஷூ பழுதுபார்த்துக் குடும்பத்தை ஓட்டினார். போர் விளையாட்டுகள்மேல் தீராத மோகம். 1968-இல் லேக் ஜெனீவாவில் 'ஜென் கான்' என்ற விளையாட்டு மாநாட்டைத் தொடங்கியவரும் அவரே. ஜெஃப் பெர்ரனுடன் சேர்ந்து அவர் எழுதிய 'செயின்மெயில்' 1971-இல் வந்தது. இடைக்காலப் படைகளைப் பொம்மைகளாக நிறுத்தி மோதவிடும் விதிப் புத்தகம் அது. அதன் பின்னிணைப்பில் டிராகனும் மந்திரவாதியும் மந்திர வாளும் நுழைந்தன.

மினசோட்டாவில் டேவ் ஆர்னெசன் 'பிளாக்மூர்' என்ற கற்பனை நாட்டில் வேறு மாதிரி ஆட்டம் நடத்திக்கொண்டிருந்தார். அங்கே ஓர் ஆட்டக்காரருக்கு ஒரு படை கிடையாது. ஒரே ஓர் ஆள்தான். அந்த ஆள் நிலவறைக்குள் இறங்குவார், புதையல் எடுப்பார், தேறி வளர்வார். இரண்டும் கலந்ததில் புது விளையாட்டு பிறந்தது. வெளியிட ஆள் கிடைக்காததால் 1973 அக்டோபரில் கைகாக்ஸும் பால்ய நண்பர் டான் கேயும் சேர்ந்து 'டாக்டிகல் ஸ்டடீஸ் ரூல்ஸ்' என்ற கம்பெனியை ஆரம்பித்தார்கள். பிரயன் பிளூம் சில வாரங்களில் பங்குதாரராகச் சேர்ந்து பணம் போட்டார். பிற்பாடு 'டி.எஸ்.ஆர்.' என்று உலகம் அறிந்த நிறுவனம் இதுவே. நட்டுவைத்த மரம் காய்ப்பதைப் பார்க்க டான் கேவுக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1975 ஜனவரியில் காலமானார்.

வாளுக்கும் ஒரு மனம்

முதல் பெட்டியின் இரண்டாம் புத்தகம் அரக்கர்களுக்கும் புதையலுக்கும் உரியது. மந்திர வாள்கள் என்ற பகுதியைப் புரட்டினால் இன்றைக்கும் வியப்பு வரும். வாளுக்கு அறிவு உண்டு; பகடை உருட்டி அளவு காண வேண்டும். அகந்தையும் உண்டு, அதற்கும் தனிப் பகடை. ஒழுங்கு, நடுநிலை, குலைவு என்று மூன்றில் ஒரு சார்பும் உண்டு. தன் சார்புக்கு ஒவ்வாதவர் கை வைத்தால் எடுத்த மாத்திரத்தில் அவருக்குக் காயம்.

இதற்கு அப்புறம்தான் சுவை. வாளின் அறிவும் அகந்தையும் சேர்ந்து எடுத்தவரை விஞ்சினால் ஆட்சி வாளின் கைக்குப் போய்விடும். சண்டையில் தன் பெருமை ஓங்க வேண்டும் என்பதற்காக எஜமானரை ஆபத்துக்குள் இழுத்துச் செல்லும். தனக்கு ஏற்ற வேறு ஆள் கிடைத்தால் இவரைக் கைகழுவப் பார்க்கும். முழுக்க அடக்கி ஆள வசதியாக, தேர்ச்சி குறைந்த ஒருவரிடம் போய்ச் சேரவும் விரும்பும். அரைகுறை அச்சில் வந்த புத்தகத்துக்குள் எவ்வளவு கூர்மையான பாத்திரப் படைப்பு! நல்ல வாள்தான். வெட்டும், ஒளி வீசும், எதிரியை முன்கூட்டியே உணர்த்தும். ஆனால் அதற்கென்று ஒரு நோக்கம் இருக்கிறது. எடுத்தவர் அதோடு பேரம் பேசியே வாழ வேண்டும்.

இந்தச் சிந்தனை வானத்திலிருந்து குதித்ததல்ல. வடதிசை ஐரோப்பியத் தொன்மத்தில் 'டிர்ஃபிங்' என்ற வாள் உண்டு. குள்ளர்களை வற்புறுத்திச் செய்யவைத்தது; உறையை விட்டு எடுத்தால் ஓர் உயிரைக் குடிக்காமல் திரும்பாது. அணிந்தவரையே ஆட்கொள்ளும் டோல்கீனின் மோதிரம் 1954–55-இல் முழு உருவில் வாசகர் கைக்கு வந்தது. மைக்கேல் மூர்காக் 1961 முதல் எழுதிய எல்ரிக் கதைகளில் 'ஸ்டார்ம்பிரிங்கர்' என்ற கறுப்பு வாள் ஆன்மாக்களை உறிஞ்சி, அந்த வலுவை நோயாளியான எஜமானனுக்கு ஊட்டியது. 1979-இல் வந்த டன்ஜன் மாஸ்டர் கையேட்டின் 'பின்னிணைப்பு என்' பகுதியில் கைகாக்ஸ் தமக்கு ஊக்கமளித்தவர்களின் பட்டியலை அச்சிட்டு இந்தக் கடனை ஒப்புக்கொண்டார்.

நிரப்பாமல் விட்ட கோடுகள்

1976-இல் கைகாக்ஸும் பிளூமும் எழுதிய 'எல்ட்ரிச் விசர்ட்ரி' என்ற துணைநூல் வந்தது. 'ஆர்ட்டிஃபாக்ட்' என்ற பெருவகைப் பொருள்கள் முறையான வரலாற்றோடு களம் இறங்கியது அதில்தான். வெக்னாவின் கை, வெக்னாவின் கண், காஸின் வாள், ஏழு துண்டுக் கோல் எல்லாம் அந்த ஆண்டுப் பிள்ளைகள்.

வெக்னா மரணத்தை ஏமாற்றிய ஒரு மந்திரவாதி மன்னன். அவன் தன் தளபதி காஸுக்கு ஒரு வாளைச் செய்து கொடுத்தான். அந்த வாளே காஸின் காதில் ஓதி ஓதி, செய்தவன்மீதே அவனை ஏவிவிட்டது. சண்டையின் முடிவில் மிஞ்சியவை வெக்னாவின் ஒரு கையும் ஒரு கண்ணும். கை வேண்டுவோர் தம் சொந்தக் கையை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் இதை வைக்க வேண்டும். கண் வேண்டுவோருக்கும் அதே கதிதான். விலைச்சீட்டு வெளியில் தொங்குகிறது, ஒளிவுமறைவு இல்லை. அப்படியும் ஆசைப்படுபவர் உண்டு என்பதில்தான் இந்தப் பொருளின் வெற்றி.

அந்த 1979 டன்ஜன் மாஸ்டர் கையேடு இன்னொரு படி போனது. ஒவ்வோர் ஆர்ட்டிஃபாக்ட்டின் வரலாற்றையும் சொல்லிவிட்டு, அதன் சக்திகள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுகளை அச்சிட்டார்கள். பின்னால் பட்டியல்கள் இருக்கும். டன்ஜன் மாஸ்டர் பொறுக்கியெடுத்துப் பேனாவால் நிரப்பிக்கொள்ள வேண்டும். ஆட்டக்காரர்களும் அதே புத்தகத்தை வாங்கிப் படித்துவிடுவார்கள் அல்லவா? இரகசியத்தைக் காக்க நிறுவனம் கண்ட வழி அது.

தீய விளைவுகளின் பட்டியல் தனிச் சுவை. முகமெல்லாம் பரு வரும். பத்தடி தூரத்துக்கு உடல் நாற்றம் அடிக்கும். தலைமயிர் நரைத்துவிடும். தொட்ட பச்சைச் செடி பட்டுப்போகும். பொருளைப் பிரிந்து ஒரு நாளுக்குமேல் இருக்க முடியாத ஏக்கம் பிடிக்கும். உலகை ஆளும் கோல் கையில் இருக்கிறது, முகத்திலோ பரு! பெரிய சக்திக்குச் சிறிய அவமானத்தை ஜோடி சேர்த்த இந்தக் கைவண்ணத்தை அதற்குப் பிறகு வந்த நூல்கள் எட்டியதில்லை.

பொறிகளின் காலம்

அதே கையேட்டில் எதிர்த்திசைப் போக்கும் இருந்தது. சாதாரண மந்திரப் பொருள்கள் பலவற்றுக்கு அச்சு அசலான ஒரு போலியை உண்டாக்கி நிறுத்தினார்கள். எவ்வளவு போட்டாலும் கொள்ளும் பை ஒன்று. அதே தோற்றத்தில், வேற்றுலகப் பிராணி ஒன்றின் வாயாக இருக்கும் பை இன்னொன்று. பறக்கும் கம்பளம் ஒன்று. சுருட்டி மூச்சுத்திணற வைக்கும் கம்பளம் ஒன்று. காப்புக் கங்கணத்துக்கு எதிராகக் காப்பைக் கழற்றும் கங்கணம். கழுத்தில் போட்டால் இறுக்கும் மாலை உண்டு. போட்டவர் எலும்புக்கூடாகும்வரை அது கழலாது. சபிக்கப்பட்ட வாள் பயிற்சியின்போது சொன்னபடி கேட்கும். எதிரி முன்னால் நின்றதும் குறி தவறும். வேறு ஆயுதத்தை உருவப் போனாலும் கைக்கு வருவது அதுவாகத்தான் இருக்கும்.

இதற்கு நிர்வாகக் காரணமும் உண்டு. வாரி வழங்கும் டன்ஜன் மாஸ்டர்களின் ஆட்டத்தில் பாத்திரங்கள் மந்திர ஆயுதங்களை மூட்டை கட்டித் தூக்கித் திரிந்தன. பரிசு கொட்டும் டி.வி. நிகழ்ச்சி ஒன்றின் தொகுப்பாளர் பெயரைத் திரித்து 'மான்ட்டி ஹால்' ஆட்டம் என்று பலரும் கிண்டல் செய்தது இந்தப் போக்கைத்தான். போலிகள் புழங்கினால் பேராசை அடங்கும் என்பது கணக்கு.

பேராசை அடங்கியதோ இல்லையோ, சந்தேகம் பெருத்தது. புது மோதிரம் கிடைத்தால் கூலிக்கு வந்த விளக்குத்தூக்கியின் விரலில் முதலில் மாட்டிப் பார்ப்பது வழக்கமாயிற்று. பொருளின் தன்மையைக் கண்டறிய 'ஐடென்டிஃபை' மந்திரம் உண்டு. அதற்கு 100 பொன் மதிப்புள்ள முத்து செலவாகும். மந்திரவாதியின் உடல்வலுவில் 8 புள்ளி தற்காலிகமாகக் குறையும். அவ்வளவு பாடுபட்டும் தெளிவான பதில் நிச்சயமில்லை. இந்த வகைச் சாபத்தில் ஆட்டக்காரர் முடிவெடுக்க ஒன்றுமில்லை. மாட்டினார், மாட்டிக்கொண்டார், அவ்வளவே. ஒருமுறை சிரிக்கலாம். அடுத்த முறை கையுறை போட்டுக்கொண்டு, பத்தடிக் கழியால் குத்திப் பார்த்து, மணிக்கணக்கை வீணாக்குவார்கள்.

எரிமலைக்குள் மூன்று ஆயுதங்கள்

அதே 1979-இல் வெளியான 'ஒயிட் ப்ளூம் மவுண்டன்' என்ற சாகசம் இந்த வரலாற்றின் திருப்புமுனை. லாரன்ஸ் ஷிக் டி.எஸ்.ஆரில் வேலை கேட்டு, தம் திறமைக்குச் சான்றாக எழுதி அனுப்பியது அது. வேலையும் கிடைத்தது, சாகசமும் அச்சேறியது. எரிமலைக்குள் கெராப்டிஸ் என்ற மந்திரவாதி ஒளித்துவைத்த மூன்று ஆயுதங்களை மீட்பதுதான் கதை.

'வேவ்' என்ற திரிசூலம் கடல் தெய்வத்தின் தீவிர பக்தன். ஏந்துபவரும் மதம் மாற வேண்டும் என்று நச்சரிக்கும். 'வெல்ம்' என்ற சம்மட்டி பூதங்களை வேட்டையாடுவதில் நிகரற்றது. ஆனால் அதை ஏந்தியவருக்குத் திறந்தவெளி என்றால் நடுக்கம். நிலவறைக்குள் சிங்கம், பகல் வானத்தின் கீழ் பூனை.

மூன்றாவது 'பிளாக்ரேசர்' என்ற கறுப்பு வாள். வீழ்த்தியவரின் ஆன்மாவை விழுங்கி, அந்தத் தெம்பை ஏந்தியவருக்குத் தரும். பிணப்பேய் வகையறாவை வெட்டினால் ஓட்டம் திரும்பிவிடும். ஏந்தியவரின் உயிர் வடிந்து பேய்க்குப் போகும். 2014-இன் டன்ஜன் மாஸ்டர் கையேட்டில் விதி இன்னும் இறுக்கமாயிற்று. மூன்று நாள் ஆன்மா எதுவும் கிடைக்காவிட்டால் அடுத்த அஸ்தமனத்தில் வாள் ஏந்தியவரோடு மல்லுக்கு நிற்கும். ஆட்டத்தில் இது என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு நாள் சண்டை இல்லாமல் போனால், அதுவரை வழிப்போக்கராகத் தெரிந்தவரை ஆட்டக்காரர் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்குகிறார். டன்ஜன் மாஸ்டர் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டார்ம்பிரிங்கரின் சாயல் அப்பட்டமாக இருக்கிறதே என்ற கூச்சம் ஷிக்குக்குப் பின்னாளில் இருந்தது. ஆட்டக்காரர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

கைமாறிய நிறுவனம், மாறிய கணக்கு

1985-இல் டி.எஸ்.ஆரின் நிர்வாகம் லொரெய்ன் வில்லியம்ஸ் கைக்குப் போனது. அடுத்த ஆண்டு கைகாக்ஸ் வெளியேறினார். 1989-இல் டேவிட் குக் தலைமையில் இரண்டாம் பதிப்பு வந்தது. 1993-இன் 'புக் ஆஃப் ஆர்ட்டிஃபாக்ட்ஸ்' நூலும் குக் எழுதியதுதான். பழைய ஆர்ட்டிஃபாக்ட்டுகளை ஒழுங்குபடுத்திய அந்நூலில் வெறும் கோடுகள் போய், நிறுவனமே நிரப்பிய விவரங்கள் வந்தன. படிக்க வசதி, இரகசியத்துக்கு இழப்பு. கடன் முற்றிய நிலையில் 1997-இல் டி.எஸ்.ஆரை 'விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட்' வாங்கியது. 1999-இல் விசர்ட்ஸை ஹாஸ்ப்ரோ வாங்கியது.

2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு எல்லாவற்றுக்கும் விலை கட்டியது. பகடை எண்ணோடு ஆயுதம் கூட்டித் தரும் மதிப்பை (+1, +2 என்று குறிப்பார்கள்) அதே எண்ணால் பெருக்கி, 2,000-ஆல் பெருக்கினால் பொன்னில் விலை. +1 வாள் 2,000 பொன். +2 என்றால் 8,000. +3 என்றால் 18,000. +5 என்றால் 50,000. சமநிலைக்கு நல்லதுதான். ஆனால் மந்திர வாள் கடைச்சரக்காகிவிட்டது. சாபங்களையும் வகை பிரித்தார்கள்: மாயத்தோற்றம், எதிர்விளைவு, விட்டுவிட்டு வேலை செய்தல், நிபந்தனை, குறைபாடு என்று. இவற்றில் 'நிபந்தனை' என்ற வகை பொன்னான யோசனை. இரட்டைப் பங்கு சாப்பிட வேண்டும். நாளுக்கு ஒருமுறையாவது பயன்படுத்த வேண்டும். உருவிய வாள் இரத்தம் காணாமல் உறைக்குத் திரும்பாது. டிர்ஃபிங் பட்டியலுக்குள் புகுந்துவிட்டது.

கணினித் திரைக்கும் இந்த மரபு போனது. 1998-இன் 'பால்டர்ஸ் கேட்' ஆட்டத்தில் ஒரு பூதத்தைக் கொன்றால் இரண்டு அரைக்கச்சைகள் கிடைக்கும். ஒன்று நல்லது, மற்றது அணிந்தவரின் பாலினத்தையே மாற்றிவிடும்.

2008-இன் நான்காம் பதிப்பு ஆர்ட்டிஃபாக்ட்டுக்கு மனநிலை மதிப்பெண் கொடுத்தது. 5-இல் ஆரம்பிக்கும், ஏந்தியவர் அதன் நோக்கத்துக்கு ஏற்ப நடந்தால் ஏறும், மீறினால் இறங்கும். திருப்தியானால் சக்தி கூடும், கோபித்தால் தொல்லை. தன் காரியம் முடிந்ததும் கிளம்பிப் போய்விடும். 1974-இன் அகந்தை பிடித்த வாள் முப்பத்துநான்கு ஆண்டு கழித்து வேறு உடுப்பில் வந்து நின்றது.

ஏந்துபவரின் சம்மதம்

2014-இன் ஐந்தாம் பதிப்பு 'அட்யூன்மென்ட்' என்ற ஒரே விதியால் பல சிக்கல்களைத் தீர்த்தது. சக்தி மிகுந்த பொருளோடு சிறிது நேரம் அமர்ந்து மனத்தால் பிணைந்துகொள்ள வேண்டும்; ஒருவர் ஒரே சமயத்தில் மூன்று பொருள்களோடுதான் பிணைய முடியும். சாபம் பெரும்பாலும் இந்தப் பிணைப்பின் வழியாகவே வரும். ஐடென்டிஃபை மந்திரத்துக்கும் அது அகப்படாது.

'பெர்சர்க்கர் கோடரி' இந்த முறைக்குச் சரியான எடுத்துக்காட்டு. தாக்குதலில் +1, அத்துடன் ஏந்தியவரின் ஒவ்வொரு லெவலுக்கும், அதாவது தேர்ச்சிப் படிக்கும், ஓர் உயிர்ப்புள்ளி கூடும். 10-ஆம் லெவல் வீரருக்கு 10 புள்ளி லாபம். பதிலுக்கு, பிரிய மனம் வராது. எதிரியிடம் அடிபடும்போதெல்லாம் பகடை உருட்டி 15-ஐத் தொட வேண்டும்; தவறினால் வெறி. பக்கத்தில் யார் நின்றாலும் வெட்டு, தோழனானாலும் சரி. நண்பர்கள் தாமாகவே தள்ளி நின்று சண்டை போடப் பழகுவார்கள். ஒரு கோடரி ஒரு குழுவின் படை வகுப்பையே மாற்றிவிடுகிறது. வெக்னாவின் கண்ணும் இந்தப் பதிப்பில் புதுக்கணக்கோடு வந்தது. அதன் வழியாக மந்திரம் செலுத்தும் ஒவ்வொரு முறையும், வெக்னா ஏந்தியவரின் ஆன்மாவைப் பிடுங்கித் தின்றுவிட்டு உடலைப் பொம்மையாக ஆட்டிவைக்க 5 சதவீத வாய்ப்பு. இருபது முகப் பகடையில் ஒரே ஒரு முகம். உருட்டலாமா, வேண்டாமா?

குறையும் உண்டு. 'ரிமூவ் கர்ஸ்' மந்திரம் 5-ஆம் லெவல் பூசாரிக்கே வாய்த்துவிடுகிறது. நெடுநாள் உருவேற வேண்டிய சாபம் ஒரே நாளில் தீர்ந்துபோகிறது. அனுபவமுள்ள டன்ஜன் மாஸ்டர்கள் ஒரு தீர்வு வைத்திருக்கிறார்கள்: மந்திரம் பிணைப்பை அறுக்கும், ஆசையை அறுக்காது, எந்த நேரமும் மறுபடி பிணைந்துகொள்ளலாம்.

அந்த ஆசையின் வலுவுக்கு ஆட்டக்காரர்களிடையே நெடுங்காலமாக உலவும் ஒரு கதை சாட்சி. ஒரு குழு, எதிர்க்குழுவைக் கவிழ்க்க, 'வெக்னாவின் தலை' என்ற பொருள் இருப்பதாகப் புரளி கிளப்பி, ஏதோ ஒரு தலையைப் பொறிகளுக்கு நடுவில் புதைத்து வைத்தது. எதிர்க்குழு அதைக் கண்டெடுத்ததும் யார் தலையை வெட்டிக்கொண்டு இதை வைப்பது என்று அடித்துக்கொண்டது. தலைகளும் உருண்டன. விதிப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லாத ஆர்ட்டிஃபாக்ட் அது.

இனி எழுதப்போகிறவர்களுக்கு

2024 மே மாதம் வெளியான 'வெக்னா: ஈவ் ஆஃப் ரூயின்' சாகசத்தில் வெக்னாவும் ஏழு துண்டுக் கோலும் மறுபடி மேடை ஏறினர். அதே ஆண்டு திருத்திய விதி நூல்களும் வந்தன. கைகாக்ஸ் 2008-இலும் ஆர்னெசன் 2009-இலும் மறைந்தார்கள். அவர்கள் தீட்டிய வாள்களோ துருப்பிடிக்கவில்லை. அவர்களுக்கு நன்றி சொல்லும் இந்த இடத்தில், கிடங்கைச் சுற்றிப் பார்த்ததில் தேறிய பாடங்களையும் வைக்கலாம்.

வாளுக்கு முதலில் ஒரு விருப்பம் கொடுங்கள். சக்தி அதிலிருந்து தானே கிளைக்கும். சாபம் எண்ணைக் குறைப்பதோடு நில்லாமல் நடத்தையை மாற்ற வேண்டும்: எங்கே தூங்குவது, யாரை நம்புவது, எப்போது கத்தியை உருவுவது என்பவற்றை. அதன் பாதிப்பு ஏந்தியவரோடு நிற்காமல் குழுவுக்குள்ளும் பரவட்டும். பேச்சும் பிணக்கும் அங்கே பிறக்கும். தீரும் வழி ஒன்று கட்டாயம் இருக்கட்டும், அந்த வழியே ஒரு சாகசமாகவும் இருக்கட்டும். விலையில் பாதியையாவது முன்கூட்டிக் காட்டிவிடுங்கள். தெரியாமல் விழுந்தவர் உங்களைத் திட்டுவார். தெரிந்து எடுத்தவர் அந்த வாளைப் பற்றிப் பத்து வருடம் பேசுவார்.